டைனமோ உறுமல்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வடக்கில் மின்சாரம் நின்றது. பின்னால் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், சீமெந்து, உரம் என்பவற்றோடு பற்றறியும் தடைப்பொருளாகியது. 2002 தொடக்கத்தில் தடை விலகும் வரை வன்னியில் ஒரு சோடி பென்ரோச் பற்றறி கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய விலையில் இருக்காது. செய்தி கேட்காமலும் இருக்க முடியாது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் சண்டை நகர்கிறது, பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பதில் அன்று உயிர் தங்கியிருந்தது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைத் தாண்டி வரும் உடையார்கட்டு போன்ற ஊர்களில் மக்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு சாய்த்து, அதிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்தார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து பிபிசி தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாசையும் புலிகளின் குரலையும் கேட்டார்கள்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. டைனமோ தரும் மின்னைச் சரியாகப் பதப்படுத்தாமல் றேடியோவுக்குக் கொடுத்தால், அறிவிப்பாளரின் குரலுக்கு அடியில் ஓர் உறுமல் கிளம்பும். பெடலை வேகமாகச் சுற்றினால் உறுமலின் சுருதி ஏறும், கை களைத்தால் இறங்கும். வேண்டாத சத்தத்தை எப்படிக் கண்டுபிடித்து எப்படி அடக்குவது என்ற கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. இரைச்சல் கேட்டதும் கருவியைக் கழற்றத் தொடங்குபவர் வழக்கமாகத் தோற்றுப்போவார். முதலில் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று: இந்தச் சத்தம் எதைப் பின்தொடர்கிறது? சில்லையா, ஒலிக்குமிழையா, நாடாவையா, கையையா, வெயிலையா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் சத்தமே தன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும்.

உறுமல் ஏன் சில்லைப் பின்தொடர்கிறது? சைக்கிள் டைனமோவுக்குள் சுழல்வது ஒரு காந்தம். பொதுவாக அதில் எட்டு முனைவுகள், வடக்கும் தெற்கும் மாறிமாறி இருக்கும். ஒவ்வொரு சோடி முனைவும் கம்பிச்சுருளைக் கடக்கும்போது மின்னோட்டம் ஒரு தடவை முன்னும் ஒரு தடவை பின்னுமாகப் போய்வரும். இதுதான் ஆடலோட்டம். காந்தம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு முழு ஆட்டங்கள். டைனமோவின் தலை சிறியது, அதன் சுற்றளவு ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர். சைக்கிள் சில்லின் சுற்றளவோ இரண்டு மீற்றருக்குச் சற்று மேல். சில்லு செக்கனுக்கு இரண்டு தடவை சுழன்றால் டைனமோ அறுபது தடவைக்கு மேல் சுழலும். அப்படியென்றால் ஆடலோட்டத்தின் மீடிறன் 240 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். கொழும்பில் சுவரிலுள்ள மின்செருகியில் வருவது 50 ஹேர்ட்ஸ். வன்னியின் சைக்கிள் அதைவிட ஐந்து மடங்கு வேகமாக ஆடியது!

றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம், பற்றறி தருவது போல ஒரே பக்கமாகப் போகும் மின். ஆடலோட்டத்தை நேரடியாகக் கொடுத்தால் உறுமுவதோடு நிற்காது. உள்ளே இருக்கும் மின்பகு கொள்ளளவிகளுக்குக் கூட்டல், கழித்தல் பக்கம் உண்டு. தலைகீழாக மின் ஏறினால் அவை சூடாகிப் பழுதாகும். ஆகவே இடையில் நாலு இருவாயிகள் வேண்டும். ஒரு பக்கமாக மட்டும் மின்னை விடும் அந்தச் சின்னக் கறுப்பு உருளைகளை நாலாகச் சேர்த்துப் பாலம் கட்டினால், முன்னோக்கி வரும் அரைவட்டமும் பின்னோக்கி வரும் அரைவட்டமும் ஒரே திசையில் வெளியே வரும். இதைப் பாடப்புத்தகம் சீராக்கல் என்கிறது. கடை இல்லாத காலத்திலும் இருவாயிக்குப் பஞ்சமில்லை. மின்சாரத்தில் ஓடிய எந்தப் பழைய றேடியோவைத் திறந்தாலும் அதன் மின்வழங்கல் பகுதியில் இருவாயிகளும் ஒரு பெரிய கொள்ளளவியும் இருக்கும். மின்சாரம் இல்லாத ஊரில் அந்தப் பகுதிக்கு வேறு வேலையும் இல்லை.

சீராக்கியபின்னும் உறுமல் போகாது. திசைதான் ஒன்றாகியதே தவிர, அளவு இன்னும் பூச்சியத்துக்கும் உச்சத்துக்கும் இடையில் செக்கனுக்கு 480 தடவை குதிக்கிறது. இந்த இடத்தில்தான் கொள்ளளவி வருகிறது. அது உடையார்கட்டுக் குளம் செய்கிற வேலையைச் செய்கிறது. மாரியில் வருகிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, மழை இல்லாத நாளில் வயலுக்கு ஒரே அளவாக விடுவது போல, மின் உச்சத்தில் இருக்கும்போது நிறைந்து, அது தாழும்போது சேர்த்ததைக் கொடுக்கிறது.

எவ்வளவு பெரிய கொள்ளளவி வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லும். றேடியோ இழுக்கும் மின்னோட்டத்தை, ஒரு செக்கனில் வரும் குதிப்புகளின் எண்ணிக்கையாலும் கொள்ளளவத்தாலும் வகுத்தால், மிஞ்சும் தளம்பல் எத்தனை வோல்ற்று என்று கிடைக்கும். சிறிய றேடியோ நல்ல சத்தத்தில் பத்தில் ஒரு அம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். 1000 மைக்ரோபரட் கொள்ளளவி போட்டால் தளம்பல் ஐந்தில் ஒரு வோல்ற்று. அது காதுக்கு நன்றாகக் கேட்கும். 4700 மைக்ரோபரட் போட்டால் இருபதில் ஒரு வோல்ற்றுக்கும் குறைந்துவிடும். அதற்குமேல் மிஞ்சுவதைச் செய்திக்குரல் மூடிவிடும். சுற்றுபவர் களைத்துச் சில்லின் வேகம் பாதியானால் தளம்பல் இரட்டிப்பாகும் என்பதையும் இதே கணக்குச் சொல்கிறது. களைத்த கைக்கு உறுமல் கூடியதன் காரணம் இதுதான்.

காதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டு மின்சாரத்தில் ஓடும் கருவியின் உறுமல் 100 ஹேர்ட்ஸ். உள்ளங்கை அளவு ஸ்பீக்கருக்கு அந்தத் தாழ்ந்த சுருதியை எழுப்பும் வலு இல்லை, நம் காதும் அங்கே மந்தம். டைனமோவின் 480 ஹேர்ட்ஸ் ஆண்குரலும் பெண்குரலும் வாழும் பகுதிக்குள்ளேயே விழுகிறது. அதே அளவு தளம்பல் இருந்தாலும் டைனமோ உறுமல் எரிச்சலாகக் கேட்பது அதனால்தான். மறுபக்கம், மீடிறன் கூடியதால் அதை அடக்க ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவம் போதும். இயற்கை ஒரு கையால் எடுத்ததை மறுகையால் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

அடுத்து ஓர் ஆபத்து. டைனமோவில் 6 வோல்ற்று, 3 வாற்று என்று எழுதியிருப்பது லைற் எரியும்போது மட்டும் உண்மை. டைனமோவின் சுருள் தன் மின்னோட்டத்தை அரை அம்பியர் அளவில் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும்படி செய்யப்பட்டது. அந்த அரை அம்பியரையும் குடிக்க லைற் இருந்தால் வோல்ற்று ஆறில் நிற்கும். றேடியோ மட்டும் பூட்டியிருந்தால் அது இழுப்பது கொஞ்சம், ஆகவே வேகமாகச் சுற்றும்போது வோல்ற்று பல மடங்கு ஏறிவிடும். உறுமலைக் குறைக்கப் பாடுபட்டு றேடியோவையே இழக்க நேரும். தீர்வு எளிது: சைக்கிள் லைற்றைக் கழற்றாமல் டைனமோவோடு சேர்த்தே எரிய விடவேண்டும். மேலதிக மின்னை அது விழுங்கும், இருட்டில் வெளிச்சமும் கிடைக்கும். கொள்ளளவியும் 25 வோல்ற்றுக்குக் குறையாததாக இருக்கவேண்டும்.

இத்தனையும் செய்தபின், நிலையங்களுக்கு இடையில் முள் நிற்கும்போது அமைதியாக இருக்கும் றேடியோ, ஒரு நிலையத்தைப் பிடித்தவுடன் மட்டும் உறுமத் தொடங்குவதும் உண்டு. இந்த வகை மிகப் பலரை ஏமாற்றியிருக்கிறது. கொள்ளளவியைப் பெரிதாக்கிப் பயனில்லை. வானிலிருந்து வரும் அலை டைனமோ வயரிலும் ஏறி இருவாயிகளுக்குப் போகிறது. அவை திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்த அலை வெட்டுப்பட்டு, உறுமலைச் சுமந்தபடி திரும்ப அன்ரெனாவுக்குள் நுழைகிறது. ஒவ்வொரு இருவாயிக்கும் குறுக்கே 0.01 மைக்ரோபரட் வில்லைக் கொள்ளளவி ஒன்றை ஒட்டினால் அடங்கிவிடும். அது இல்லாவிட்டால் றேடியோவைத் திருப்பிப் பார்க்கலாம். மத்திய அலைக்கு உள்ளே இருக்கும் பெரைற் கோல் தன் இரு நுனிகள் நோக்கும் திசையிலிருந்து வருவதைக் கேட்காது. நுனி சைக்கிளைப் பார்க்கும்படி வைத்தால், நிலையம் வேறு திசையில் இருக்குமானால், குரல் நிற்க உறுமல் மட்டும் தேய்ந்துபோகும்.

ஒலிக்குமிழ்ச் சோதனை எல்லாக் கருவிக்கும் பொது, அதற்கு ஒரு கருவியும் தேவையில்லை. குமிழை முற்றாகக் குறையுங்கள். இரைச்சலும் கூடவே மறைந்தால் அது குமிழுக்கு முன்னாலுள்ள பகுதியில் பிறக்கிறது: அன்ரெனாவிலோ, நாடாத் தலையிலோ, முதல் திரான்சிஸ்டரிலோ. குமிழைக் கூட்டினால் பாட்டும் சத்தமும் சேர்ந்தே கூடும், பயனில்லை. குமிழ் பூச்சியத்தில் நிற்கும்போதும் இரைச்சல் அப்படியே இருந்தால் அது பின்னால், பெரும்பாலும் மின்வழங்கலில் இருக்கிறது. இங்கே குமிழைக் கூட்டுவது உண்மையிலேயே உதவும், குரல் மட்டும் உயர்ந்து உறுமல் பழைய இடத்திலேயே நிற்கும். குமிழைச் சுழற்றும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே கரித்தடத்தில் தூசு. செம்மண் வீதியோரம் வைத்த எந்தக் கருவிக்கும் அது வரும். இயர்போன் வயரை முறுக்கினால் வந்துபோகும் சத்தம் செருகியடியில் அறுந்த கம்பி.

தீர்ந்த பற்றறியும் தன் பாட்டுக்குச் சத்தம் போடும். தடைக் காலத்தில் பழைய பற்றறிகளை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டார்கள். சூடு உள்ளே இரசாயன மாற்றத்தை விரைவாக்குவதால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் திரும்பும். ஆனால் புதிய கலத்தில் ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்கும் உட்தடை பழையதில் பல ஓமாக ஏறியிருக்கும். பாட்டில் ஒரு தட்டு உரத்து விழும்போது வோல்ற்று சட்டென்று தாழும், தாழ்ந்ததை முதல் திரான்சிஸ்டரும் உணரும், அது மறுபடி பெருக்கப்பட்டு மறுபடி தாழும். ‘டப் டப் டப்’ என்று இயந்திரப் படகு போவது போன்ற சத்தம் இதிலிருந்து வருகிறது. பற்றறியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 470 மைக்ரோபரட் கொள்ளளவி பூட்டினால் அந்தக் கலங்களே இன்னும் சில செய்திகளுக்கு வரும்.

இப்போது தீர்க்கமுடியாத இரைச்சலுக்கு வருவோம். எல்லாம் சரியாக இருக்கும் கருவியிலும் ஒலியைக் கூட்டி அமைதியான இடத்தில் கேட்டால் மெல்லிய சீறல் கேட்கும். 1928இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் ஜோன்சன் அதை அளந்து காட்டினார், அவருடைய சகா ஹரி நைக்குவிஸ்ட் காரணம் சொன்னார். எந்த மின்தடைக்குள்ளும் இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. 1000 ஓம் தடை ஒன்று, ஒன்றோடும் பூட்டப்படாமல் மேசையில் கிடந்தாலும், நாம் கேட்கக்கூடிய மீடிறன்கள் முழுவதிலும் சேர்த்து அரை மைக்ரோவோல்ற்றுக்குச் சற்றுக் கூடிய சத்தத்தைப் பிறப்பிக்கிறது. குளிராக்கினால் குறையுமா? குறையும், ஆனால் தனிவெப்பநிலையின் வர்க்கமூலப்படிதான் குறையும். வன்னியின் 35 பாகை மதியத்திலிருந்து 20 பாகைக்கு இறக்கினாலும் மாற்றம் நூற்றுக்கு மூன்றைத் தொடாது. காது அதை அறியாது. இந்தச் சீறலோடு சண்டை பிடிப்பது வீண்.

கசெற்றில் கேட்கும் சீறல் இதைவிடப் பெரியது, அதன் காரணமும் வேறு. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கசெற் பேசிப் பதிவதற்காகச் செய்யப்பட்டது. 3.81 மில்லிமீற்றர் அகல நாடா, ஸ்ரீரியோவில் நாலு தடங்கள், செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட்டம். ஒலிப்பதிவுக் கூடத்துப் பெரிய நாடா அதைவிட எட்டு மடங்கு வேகத்தில் ஓடியது. நாடாவில் பூசியிருப்பது நுண்ணிய காந்தத் துணிக்கைகள். ஒரு கணத்தில் தலையைக் கடக்கும் துணிக்கைகள் குறைவாக இருந்தால் அவற்றின் ஒழுங்கின்மை கூடுதலாகக் கேட்கும். 1968இல் வந்த டொல்பி பி முறை, பதியும்போது மெல்லிய உயர்சுருதிகளை உயர்த்தி, கேட்கும்போது தாழ்த்தி, சீறலைப் பத்து டெசிபல் அளவு குறைத்தது. டொல்பி இல்லாமல் பதிந்த கசெற்றுக்கு அந்த ஆளியைப் போட்டால் சீறலோடு பாட்டின் தெளிவும் போய்விடும்.

நாடாவா, கருவியா என்று அறிய வோக்மனைக் கசெற் இல்லாமல் ஓடவிடுங்கள். சீறல் பெரிதாகக் குறைந்தால் அது நாடாவுடையது. மெல்லிய ஊளை தொடர்ந்தால் மோட்டர். தலையில் படிந்த பழுப்பை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பது, தலையோரத்துச் சிறு திருகாணியைப் பாட்டு மிகத் தெளிவாகும் இடம் வரை கொஞ்சமாகத் திருப்புவது என்ற இரண்டாலும் தேறும் கசெற்றுகள் ஏராளம். தேறாது என்று எறியப்பட்டவற்றிலும் பலவற்றுக்கு இது போதுமாக இருந்திருக்கும்.

இன்று உடையார்கட்டில் பாட்டுக்கருவி என்றால் போன்தான். டைனமோ போய்விட்டது, அதன் பௌதிகம் போகவில்லை. ஓட்டோவில் போனைச் சாஜரில் பூட்டி, வயரால் அம்பிளிபயருக்கும் கொடுத்துப் பாட்டுப் போட்டால், அக்சிலேற்றர் முறுக்க முறுக்கச் சுருதி ஏறும் ஊளை ஒன்று வருவதுண்டு. சில்லைப் பின்தொடர்ந்த அதே சத்தம் இப்போது எஞ்சினைப் பின்தொடர்கிறது. சாஜரின் கழித்தல் முனையும் பாட்டு வயரின் உறையும் தனித்தனி இடத்தில் வண்டியின் உடலோடு சேர்வதால் ஒரு வளையம் உண்டாகிறது. எஞ்சின் பற்றறியை ஏற்றும் மின்னோட்டத்தின் ஒரு துளி பாட்டு வயர் வழியே போய்ப் பாட்டோடு கலக்கிறது. சாஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஊளை நின்றால் போனில் பிழையில்லை. புளூடூத்துக்கு மாறலாம், அல்லது வயருக்கு நடுவில் ஒலித் தனிப்படுத்தி என்று கடைகளில் விற்கும் சின்ன நிலைமாற்றிப் பெட்டியைப் போடலாம். சோலாரில் ஓடும் ஸ்பீக்கர் கீச்சிட்டால் பலகையைச் சாக்கால் மூடிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது மின்னேற்றக் கட்டுப்படுத்தியின் வேலை. அழைப்பு வருவதற்குச் சற்று முன் ஸ்பீக்கர் ‘டிடிக் டிடிக்’ என்றால், அருகில் 2ஜி அலைவரிசையில் ஒரு போன் செக்கனுக்கு 217 தடவை துடிப்பாக அலை விடுகிறது. போனை ஒரு மீற்றர் தள்ளி வைத்தால் போதும்.

கடைசியாக, அழிக்கக்கூடாத இரைச்சல் ஒன்று உண்டு. 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்கு உடையார்கட்டுச் சந்தி ஓர் எல்லை. அந்த வலயத்துக்குள்ளும் செல் விழ, மக்கள் மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கிழக்கே தள்ளப்பட்டார்கள். வீட்டுப் பொருட்களை மண்ணில் புதைத்துவிட்டுப் போனவர்கள் பலர். வன்னியில் பதிந்த பாட்டு, கூத்து, சொந்தக்காரரின் குரல் என்று எத்தனையோ கசெற்றுகள் அழிந்தன. தப்பியவை சில வீடுகளிலும், புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளிலும் இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றுபவர்கள் முதல் வேலையாக இரைச்சல் நீக்கும் மென்பொருளை ஓட்டிவிடுகிறார்கள். அந்த மென்பொருள் அமைதியான ஓர் இடத்தில் இரைச்சலின் அளவை எடுத்து மற்ற எல்லா இடத்திலும் கழிக்கிறது. மிகையாகப் போனால் பேச்சின் ‘ச’வும் ‘ஸ’வும் மூச்சும் சேர்ந்து போய்விடும், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும். பின்னணி உறுமலும் ஒரு தகவல். மின்வலையின் 50 ஹேர்ட்ஸ் நேரத்துக்கு நேரம் நூலளவு ஏறி இறங்குவதை ஒலிப்பதிவில் படித்து, அது எப்போது பதியப்பட்டது என்று தடயவியல் ஆய்வாளர்கள் கண்டறிகிறார்கள். டைனமோவில் பதிந்த நாடா ஏதும் மிஞ்சியிருந்தால் அதன் உறுமலிலிருந்து சில்லின் வேகத்தையே கணக்கிடலாம்.

ஆகவே உங்களிடம் அப்படி ஒரு கசெற் இருந்தால், முதலில் தலையைத் துடையுங்கள், நாடாவை ஒரு தடவை முழுவதும் முன்னோட்டிப் பின்னோட்டி இறுக்கத்தைத் தளர்த்துங்கள், எந்த வடிகட்டியும் இல்லாமல் அப்படியே ஒரு பிரதி எடுங்கள். அந்தப் பிரதியில் கைவைக்காதீர்கள். இரைச்சல் நீக்க விரும்பினால் அதற்கு இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுப்பதென்றால் சீறலும் உறுமலும் உள்ள முதற்பிரதியையே கொடுங்கள்.